வெள்ளத்தில் வெட்டிய இளநீர்

"கால் எழும்புதில்ல மச்சான்," என்றாள் ஹபீபா. கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தவள் மீண்டும் உட்கார்ந்துவிட்டாள்.

சிறுநீரகம் செயலிழந்த என் மனைவிக்குக் கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல்). இறக்காமத்து வீதி வெள்ளத்தில் மூழ்கியதால் ஒரு தவணை தவறியிருந்தது. களைப்பாக இருக்கும் என்று நினைத்து இன்னுமொரு கோப்பை இளநீர் கொடுத்தேன்.

நான் கடலோரக் கல்முனைக்குடியில் பிறந்தவன். எங்கள் பகுதி வழமைப்படி, கல்யாணம் முடித்து இறக்காமத்தில் இவள் வீட்டுக்கு வந்தவன். சுனாமியில் அங்கே கிணறெல்லாம் உப்பானபோது இளநீர்தான் எங்களைக் காப்பாற்றியது. அதனால், இங்கே கிணற்றில் வெள்ளம் புகுந்ததும் எனக்கு வேறு யோசனை வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குலை வெட்டியதில் பெருமை வேறு! குடிக்கிற எதையும் அளவோடுதான் கொடுக்க வேண்டும் என்பது நினைவிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைக்கு மேல் கொடுக்கவில்லை.

மத்தியானம் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டாரின் டிரக்டர் பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஈசீஜீ (இதயத் துடிப்பின் வரைபடம்) எடுத்த டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன குடுத்தீங்க?"

"கிணத்துத் தண்ணி ஒரு சொட்டும் குடுக்கல்ல டொக்டர். இளநிதான்."

"அதுல பொட்டாசியம் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தாது உப்பு) கூடுதல். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா இதயம் நிண்டிருக்கும். முன்ன யாரும் செல்லல்லியா?"

சொல்லியிருந்தார்கள். தாளிலும் எழுதித் தந்திருந்தார்கள். அது அலுமாரிக்குள் நனைந்து கிடந்தது.

பிழை என்னுடையதுதான். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. ஒவ்வொரு மாரியும் மழை வருகிறது, இதே வீதி மூழ்குகிறது. வீதி மூழ்குமுன் இவளைப் போன்றவர்களைக் கூப்பிட்டு இரத்தத்தைச் சுத்திகரித்து அனுப்ப ஆஸ்பத்திரியில் ஒரு பெயர்ப்பட்டியல் வைத்திருக்கக் கூடாதா? கடல் வந்தால் ஓட எங்களுக்கு ஒத்திகை நடத்தினார்கள். வாரத்தில் இரண்டு நாள் இயந்திரம் தேவைப்படுபவளை எப்போது தூக்கிக்கொண்டு ஓடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வானிலை அறிவித்தல் கேட்டதுமே கிளம்பிவிடுங்கள். நாங்கள் இப்போது கல்முனைக்குடியில் என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிறோம். எங்கள் நாட்காட்டியில் மழைக்கு முதல்நாள், தவணைக்கு முதல்நாள் என்ற இரண்டு நாட்கள்தான் மிச்சம்.

அல்ஹம்துலில்லாஹ், ஹபீபா இருக்கிறாள். நடக்கிறாள். ஆனால் நான் எதைக் கொடுத்தாலும் கோப்பைக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள். கேட்டால், "ஒண்டுமில்ல மச்சான்," என்று சிரிக்கிறாள்.

இருபது வருடமாக, என் கையால் கொடுத்ததைப் பார்க்காமலே குடித்தவள்.