தறிக்கு மட்டும் லீவு

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் அங்கன்வாடி ஒரு வாடகை அறை. சொந்தக் கட்டடத்துக்கு நிதி வரும் வரும் என்று கேட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது. மேலே ஷீட்டுக் கூரை. மழை வந்தால் சோறாக்கிய அண்டாவையே கழுவி ஒழுகும் இடத்தில் வைப்போம். நான் டீச்சர், கூட ஒரு உதவியாளர். சமையல், கூட்டுவது, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது எல்லாம் அவள்தான். என்னைவிட எட்டு வயது சின்னவள், ஆனால் தெருவே அவளை ஆயா என்றுதான் கூப்பிடும். "ஒரு நரை கூட இல்ல, நான் ஆயாவா?" என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

போன வருடம் ஒரு காலையில், புதிதாக வந்த அதிகாரி அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பாயில் நாலே நாலு பிள்ளைகள்.

"ரிஜிஸ்டர்ல இருபத்திரெண்டு பேர் இருக்காங்க. மீதி பேர் எங்கம்மா?"

"இன்னைக்கு அமாவாசை மேடம்."

அவர் தன் போனைக் காட்டினார். மாதத்துக்கு ஒரு நாள், தவறாமல், பதினெட்டுப் பேர் வரவில்லை. காரணம்: மற்றவை.

அந்தத் திருப்பணி என்னுடையது. வராத பிள்ளைக்கு போன் ஆப்பில் காரணம் போட வேண்டும். நோய், வெளியூர், மற்றவை. அவ்வளவுதான், அமாவாசை என்று ஒன்று கிடையாது. எங்கள் பக்கம் அமாவாசைக்குத் தறி ஓடாது. அப்பா அம்மா சும்மா இருக்கிற நாளில் பிள்ளையை யார் அனுப்புவார்கள்? ஊருக்கே தெரிந்த விஷயம்தானே என்று மாதாமாதம் மற்றவையைத் தட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். மேலே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கோ, இல்லாத பிள்ளைகளை எழுதி வைத்திருக்கிறோம் என்று தோன்றியிருக்கிறது.

"மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சென்டரோட இதைச் சேர்த்துடலாம்னு எழுதப்போறேன்" என்று குறிப்பேட்டைத் திறந்தார்.

அந்த ரோட்டில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் போகிற போக்குக்கு நானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவேன். மூன்று வயதுப் பிள்ளை எப்படித் தாண்டும்? பயத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது.

"எழுதுங்க மேடம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. எங்கனா ஒரு தறிச் சத்தம் வருதா? மத்த நாள்ல வந்தீங்கன்னா நான் பேசறதே உங்களுக்குக் கேக்காது."

அவர் கேட்டார். தறிச் சத்தம் வரவில்லை, எங்கள் ஆயாவின் சத்தம்தான் வந்தது. எப்போது நழுவினாளோ, தெருவில் கத்திக்கொண்டிருந்தாள். "பால்வாடிய மூடறாங்களாம்! புள்ளைங்கள இட்டுக்கினு வாங்கபா!" தறிகள் நின்றிருந்ததால் அது தெருக்கோடி வரை போனது.

கால் மணி நேரத்தில் அறை நிறைந்துவிட்டது. நெற்றி நிறைய விபூதியோடு அப்பாக்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கையில் பாதி வடை. ஒருவன் வெறும் ஜட்டியோடு. அதிகாரி எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இருபத்தி மூணு இருக்கு!"

இப்போது ரிஜிஸ்டரைவிட ஒன்று கூடிப்போனதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி வரிசையில் ஒரு நெட்டைப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு முந்தின வருடமே எங்களிடமிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போனவள்.

"நீ ஏன்டி வந்த? இஸ்கூலுக்குப் போவலியா?"

"ஆயா கூப்ட்டாங்க, வந்துட்டேன்."

அதிகாரி சத்தமாகச் சிரித்துவிட்டார். "இல்லாத பிள்ளைய எழுதுறாங்கன்னு பார்க்க வந்தேன். இங்க எழுதாத பிள்ளையும் வருது!" என்றவர், குறிப்பேட்டில் 'காரணம்: தறி விடுமுறை. மையம் இங்கேயே நடக்கலாம்' என்று எழுதினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

செருப்பைப் போட்டுக்கொண்டே ஆயாவிடம் கேட்டார். "அப்போ அமாவாசைன்னா உங்களுக்கும் ரெஸ்ட்டுதான்?"

"தறிக்குத்தான் மேடம் லீவு. எங்களுக்கு ஏது அமாவாசை?"

"அதையும் எழுதிக்கினு போங்க மேடம்" என்றேன். சிரித்தார், எழுதவில்லை.

அவர் போனதும் ஆயா அண்டாவைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். நாலு பேருக்கு வடித்த சோறு. இருபத்து மூன்று பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டு கல் பொறுக்க உட்கார்ந்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.