டெல்பர்ட் எச்சார்ட்டும் காசு கக்கிய சலவை மெஷினும்

சூதாட்டத்துக்குப் பேர்போன ரீனோ டவுனில் நான், வருகிற ஜோடிக்குப் பத்தே நிமிடத்தில் கல்யாணம் முடித்துவைக்கிற கூடம் நடத்துகிறேன். பெயர் வெண்டல். பாதிரியார் பட்டத்தைத் தபாலில் வாங்கியவன் என்பதால் டெல்பர்ட் எச்சார்ட் மட்டும் என்னை ‘ரெவரெண்ட்’ என்று கூப்பிடுவான். அது மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். அவனுடைய சலவைக்கடைக்கும் என் கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். இங்கே நான் “இவளை மனைவியாக ஏற்கச் சம்மதமா?” என்று கேட்கிற நேரம் பார்த்து அங்கே மெஷின் துணி பிழிய ஆரம்பிக்கும். சுவர் குலுங்கும், மணமகன் முகம் வெளுக்கும். இதுவரை யாரும் ஓடிப்போகவில்லை.

டெல்பர்ட்டுக்கும் சோப்புக்கும் முன்பு ஒரு சம்பந்தமும் கிடையாது. எதிர்ச்சாரியில் இருந்த வெள்ளிக்காடை சூதாட்ட விடுதியில் அவன், காசு போட்டு ஆடுகிற ஸ்லாட் மெஷின்களுக்கு மெக்கானிக். பிள்ளை பெற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது மாதிரி மெஷின்களைப் பற்றிப் பேசுவான். “ஜன்னலோரத்து மெஷினுக்கு ரெண்டு நாளா மனசு சரியில்ல” என்பான். அந்த விடுதியில் ஜன்னலே கிடையாது என்பது வேறு விஷயம்.

பிறகு டவுன் படுத்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கலிபோர்னியாக்காரர்களுக்கு வீட்டு வாசலிலேயே சூதாட்ட விடுதி வந்தபின், தோற்பதற்காக எவன் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வருவான்? வந்த கொஞ்சநஞ்சம் பேரையும் நெடுஞ்சாலையோரத்துப் பெரிய விடுதிகள் மடக்கிக்கொண்டன. எங்கள் தெருவில் ஒவ்வொரு விளக்காக அணைந்தது. வெள்ளிக்காடையும் மூடியது. கூரைமேல் நின்ற நியான் காடை ஒற்றைக்காலோடு ஒரு மாதம் எரிந்துகொண்டிருந்தது, அதை அணைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

டவுனுக்குப் புத்துயிர் கொடுக்கப்போகிறோம் என்று நகரசபை அவ்வப்போது ஒரு படம் வரைந்து காட்டும். எந்தப் படத்தைப் பார்த்தாலும் நடைபாதையில் மரம் இருக்கும், ஒரு பெண் சின்ன நாய்க்குட்டியோடு சிரித்துக்கொண்டே நடப்பாள். அந்தப் பெண் வருவாள் வருவாள் என்று எனக்கு முடி கொட்டியதுதான் மிச்சம். இந்த முறை மட்டும் கொஞ்சம் உருப்படியாக, வெள்ளிக்காடையின் மாடிகளைக் குடியிருப்பாக மாற்றப்போவதாகச் சொன்னார்கள். டெல்பர்ட் உடனே கணக்குப் போட்டான்.

“ரெவரெண்ட், அதெல்லாம் ஓட்டல் ரூம். உள்ள வாஷிங் மெஷின் வைக்க இடமே இல்ல. குடி வர்றவன் துணி துவைக்கணுமா வேணாமா?”

“குடி வந்தா துவைப்பான். வரணுமே?”

“உன் வாயில நல்லதே வராதா? நீயெல்லாம் எப்படிய்யா கல்யாணம் பண்ணி வைக்கிற?”

வேலை போனபோது கிடைத்த தொகை முழுவதையும் கொட்டி, வருகிறவர்கள் தாங்களே மெஷினில் காசு போட்டுத் துவைத்துக்கொள்கிற சலவைக்கடை திறந்தான். அவன் மனைவி நடீன் பள்ளிக்கூடச் சமையலறையை இருபது வருடம் நடத்தியவள், ஒரு கரண்டி மாவு வீணாகப் பொறுக்கமாட்டாள். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வசந்தம் வரைக்கும் பார்ப்பாள். அதற்குள் கடை தன் காலில் நிற்கவில்லையென்றால், வீட்டையும் கடையையும் விற்றுவிட்டு போய்சி நகரத்தில் இருக்கும் தன் அக்கா காரினிடம் போய்விட வேண்டும். காரின் வீட்டு கராஜுக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. அது டெல்பர்ட்டின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“போய்சிக்கு என்ன குறை? ஆறு இருக்கு, மலை இருக்கு, அக்கா இருக்கா” என்பாள் நடீன்.

“அக்கா இருக்காளே, அதான் சொல்றேன்” என்பான் அவன்.

விளையாட்டாகச் சொன்னாலும் அவனுக்கு உள்ளூர நடுக்கம். இந்தத் தெருவை விட்டால் அவனுக்கு வேறு உலகம் தெரியாது. காலையில் வெளியே வந்து பாலத்தடியில் ஆற்றைப் பார்த்து ஒரு சிகரெட் பிடித்தால்தான் அவனுக்குப் பொழுது விடியும். கராஜ் மாடியில் உட்கார்ந்து காரினின் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு அவன் ஆறு மாதம்கூடத் தாங்கமாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கடை ஈ ஓட்டியது. எதிரே குடியிருப்பு வேலை இழுத்துக்கொண்டே போனது. முதலில் லிப்ட் வரவில்லை, வந்த லிப்ட் சரியாகப் பொருந்தவில்லை. பனி விழ ஆரம்பித்தது. வெறுமனே உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக் கை அரித்தது, வேறென்ன? நாலாவது மெஷினைக் கழற்றினான்.

மறுநாள் மிஸ் ஓப்பல் வந்தாள். வெள்ளிக்காடையில் தினமும் மத்தியானம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஆடிய கிழவி. அவளுக்குப் போக்கிடம் இல்லாததால் ஒரு மேஜைவிரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நாலாவது மெஷினில் காசு போட்டாள். துவைத்து முடிந்ததும் மணி கணகணவென்று அடித்தது. மேலே சிவப்பு விளக்கு சுழன்றது. அடியில் டெல்பர்ட் வைத்திருந்த தகரத்தட்டில் கால் டாலர் காசுகள் சடசடவென்று கொட்டின. நான் பயந்துபோய் என் கூடத்திலிருந்து ஓடிவந்தேன். ஓப்பல் தட்டுக்குமுன் மண்டியிட்டிருந்தாள்.

“காசு! நிஜக் காசுய்யா! இப்பல்லாம் பெரிய விடுதியில ஜெயிச்சா பஸ் டிக்கெட் மாதிரி ஒரு காகிதத்தைத் துப்புது. இந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷமாச்சு!”

“என்னடா பண்ணித் தொலைச்ச?” என்று டெல்பர்ட்டைக் கேட்டேன்.

“எப்பவாவது ஒரு தடவை போட்ட காசுக்கு மேல திருப்பித் தரும். எப்பன்னு அதுக்கே தெரியாது. போட்டதையெல்லாம் முழுங்கிட்டு ஒண்ணுமே தராத மெஷின் என்ன மெஷின், ரெவரெண்ட்? அது வெறும் உண்டியல்.”

ஊர்முழுக்கப் பரவ எவ்வளவு நேரமாகும்? அடுத்த வாரம் கடையில் நிற்க இடமில்லை. வெள்ளிக்காடையின் பழைய பிளாஸ்டிக் காசுக் குவளைகளை எங்கிருந்தோ தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். டெல்பர்ட் மற்ற மெஷின்களுக்கும் அதே வைத்தியத்தைச் செய்தான். ஒருவர் மெஷினை விட்டு எழுந்தால் தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டுப் போவார், இன்னொருவர் தொடக்கூடாது. ஒருத்தி துணி போடுமுன் மெஷினின் நெற்றியில் முத்தம் கொடுப்பாள். பக்கத்து ஊர் ஸ்பார்க்ஸிலிருந்து ஒரு ஆள் ஒற்றைக் காலுறையைத் துவைக்கத் தினமும் வருவார். அதன் ஜோடி எங்கே என்று கேட்டேன், அது ராசியில்லாத காலுறையாம். நாலாவது மெஷினுக்காகச் சண்டைபோட்ட ஒரு விதவையும் ஒரு லாரி டிரைவரும் கொஞ்ச நாளில் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து என்னிடமே கல்யாணம் செய்துகொண்டார்கள். எனக்குப் பரம சந்தோஷம். டவுன் எழுந்துவிட்டது என்று நானே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நடீன் மட்டும் சந்தோஷப்படவில்லை. ஒருநாள் வந்து ஒவ்வொரு கூடையாகக் கிளறிப் பார்த்தாள்.

“டெல்பர்ட், இதெல்லாம் துவைச்ச துணி. இஸ்திரி மடிப்புகூட கலையல.”

“காசு போடறாங்கல்ல? அழுக்கா இருந்தா என்ன, சுத்தமா இருந்தா என்ன?”

“உனக்கு ஒண்ணும் இல்ல. சுத்தமான துணியைத் துவைக்கிறவன் எத்தனை நாளைக்கு வருவான்?”

அவள் கேட்டதற்குச் சீக்கிரமே பதில் வந்தது. ஒரு நாள் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் சட்டைகளோடு வந்து அமைதியாக உட்கார்ந்தார். ஒருமுறை துவைத்தார். அதே சட்டைகளை மறுபடியும் துவைத்தார். மூன்றாவது முறை மணி அடித்தது. அவர் துள்ளி எழுந்து, “அடிச்சுதுடா!” என்று கத்திப் பக்கத்தில் இருந்த ஓப்பலைக் கட்டிப்பிடித்தார். பிறகு முகம் சிவந்து, தொண்டையைச் செருமி, சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். சூதாட்டக் கட்டுப்பாட்டு அலுவலகத்து ஆய்வாளர். பெயர் ஹாஸ்கெல்.

“மிஸ்டர் எச்சார்ட், காசு போடறோம், அதிர்ஷ்டம் முடிவு பண்ணுது, பரிசு வருது. இந்த மூணும் சேர்ந்தா சட்டப்படி அதுக்கு என்ன பேர்னு உங்களுக்கே தெரியும்.”

“சார், இது துணி துவைக்குது சார்!”

“அப்ப துணி துவைக்கிற ஸ்லாட் மெஷின். லைசென்ஸ் இருக்கா?”

“சோப்புத்தூள் விக்க இருக்கு.”

ஹாஸ்கெல் நல்ல மனிதர். வழக்குப் போடவில்லை. மறுநாள் காலைக்குள் எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொன்னார். ஈரச் சட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, ஜெயித்த காசைத் தட்டில் போட்டுவிட்டுப் போனார். அதைப் போட அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

டெல்பர்ட் கழற்றினான். மணியையும் விளக்கையும் மட்டும் விட்டுவைத்தான். இனிமேல் எல்லா மெஷினும் துவைத்து முடித்ததும் தவறாமல் மணி அடிக்கும், காசு மட்டும் வராது. அப்படியாவது ஜனங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தான் மகராசன். மறுநாள் வரிசையாக மணி அடிக்க அடிக்க ஒவ்வொருவராகத் துள்ளி எழுந்து, வெறும் தட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

“மணி மட்டும் அடிக்கும், காசு வராது. வெள்ளிக்காடையிலயாவது ஒரு ஓசி காபி குடுத்தான்” என்றாள் ஓப்பல்.

ஸ்பார்க்ஸ்காரர் தன் ராசியான காலுறையை உதறி மாட்டிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் தொப்பிகளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். வாரக்கடைசிக்குள் கூட்டம் காணாமல் போனது.

அதன்பின் டெல்பர்ட் பேச்சைக் குறைத்துக்கொண்டான். கடைக்குப் போவான், வருவான். நடீன் கேட்டால், “யாரும் வரல” என்பான். சுவருக்கு அந்தப் பக்கம் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, வெறும் மெஷினை ஓட்டி மனசை ஆற்றிக்கொள்கிறான் என்று நினைத்தேன். ஆற்றங்கரை மரங்களில் மொட்டு விட்டது. கலிபோர்னியாவிலிருந்து ஒரு தம்பதி வந்து வீட்டைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்றார்கள். நடீன் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். மறுநாள் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து. ஜன்னல் திரைகளைத் துவைத்து வீட்டோடு விட்டுப்போக வேண்டுமென்று அவள் மூட்டை கட்ட, தூக்கிக்கொண்டு அவள் கூடவே கடைக்குப் போனது நான்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனைப் போல ஒரு எரிச்சலூட்டும் நண்பன் இனி எனக்கு எங்கே கிடைப்பான்?

கதவைத் திறந்த நடீன் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நர்ஸ் உடையில் ஒருத்தி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கல்லூரிப் பையன்கள் எந்தத் துணியை எதோடு போடுவது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் மெஷின் காலியாகக் காத்திருந்தாள். யாரும் மணியைக் கண்டுகொள்ளவில்லை. டெல்பர்ட் மூலையில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான்.

“யாரும் வரலன்னியே? இவங்கல்லாம் யாரு?”

அவன் அசட்டையாகத் திரும்பிப் பார்த்தான்.

“இவங்களா? இவங்க யாரும் ஆட வந்தவங்க இல்ல நடீன். சும்மா துணி துவைக்க வந்தவங்க. துவைச்சதும் எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

நான் அவனைப் பார்த்தேன். நடீன் என்னைப் பார்த்தாள். அத்தனை வருடம் வெள்ளிக்காடையில் இருந்தவனுக்கு, வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகிறவன் வாடிக்கையாளராகவே தெரியவில்லை.

நடீன் பக்கத்துக் கூடைக்குள் கையை விட்டாள். ஒரு சமையற்காரரின் ஏப்ரன் வந்தது, தக்காளிச் சாறும் எண்ணெயும் காய்ந்து விறைத்திருந்தது. முழங்காலில் சேறு அப்பிய ஒரு கால்சட்டை. குழந்தையின் கழுத்துத்துணியை எடுத்து மோந்து பார்த்தாள்.

“என்னங்க, அது எங்க துணி” என்றாள் குழந்தைக்காரி.

“பால் கக்கியிருக்கான்.”

“தினமும் கக்கறான்.”

“எங்கம்மா குடியிருக்க?”

“எதிர்லதான், காடையில. ஆறாவது மாடி. போன மாசம் திறந்தாங்க. ஜன்னல் புதுசா வெச்சிருக்காங்க, காத்து நல்லா வருது. துவைக்கத்தான் இடமில்ல.”

நடீன் கழுத்துத்துணியைக் கூடையில் வைத்தாள். கண் நிறைந்திருந்தது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் அவளைப் பார்த்து அழுதவர்கள்.

“அழுக்குத் துணி, வெண்டல். பாரு, எல்லாமே அழுக்கு” என்றாள்.

பிறகு அங்கேயே நின்று போய்சிக்குப் போன் போட்டாள்.

“காரின், நாங்க வரல... இல்ல, அவன் ஒண்ணும் சொல்லல, நான்தான் சொல்றேன். அந்த ரூமை யாருக்காவது விட்டுடு... பைத்தியமா? இருக்கலாம்.”

வீடு வாங்க வந்தவர்களுக்கும் சொல்லிவிட்டாள். டெல்பர்ட் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றான்.

“எனக்குப் பயமா இருக்கு டெல்பர்ட். வீட்டையே பந்தயமா வெச்சுட்டேன். மெஷினப் பார்த்தாலே இது எப்ப குடுக்கும், எவ்வளவு குடுக்கும்னு சொல்லுவியே. சொல்லு, இந்தத் தெரு குடுக்குமா?”

அவன் கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். எதிரே பாதிக்கு மேல் கடைகளில் பலகை அடித்திருந்தது. காடையின் ஆறாவது மாடியில் யாரோ ஜன்னலுக்கு வெளியே ஒரு போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

“தெரியல நடீன். நிஜமாவே தெரியல.”

“சரி. சோப்புத்தூள் தீர்ந்துபோச்சு பாரு. ஓடிப்போய் வாங்கிட்டு வா, ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க.”