அந்தப் பழைய கம்ப்யூட்டரும் மாமாவின் கோப்பும்

அண்ணன் மறைந்த ஓராண்டு நிறைவுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் இந்த நினைவு மலரை வீட்டுக்கு எடுத்துச் சென்று வாசிப்பீர்கள். அவருடைய நற்குணங்களை மட்டும் எழுதி முடிக்கத் தங்கையாகிய என்னால் முடியவில்லை. நடந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் மலைமேல் ஆலத்தூர் நாட்டில் பிறந்தார். மிளகு பறிக்க மரமேறிய அப்பா தவறி விழுந்து இறந்தபின், அம்மா கூலிக்குப் போய் எங்களை வளர்த்தார். அம்மாவின் தம்பியான மாமாதான் அண்ணனை நாமக்கல்லில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் அண்ணன் ஒரு பழைய கம்ப்யூட்டரை அடிவாரக் காரவள்ளியிலிருந்து டெம்போவில் ஏற்றிவந்து, திண்ணனூர் நாட்டில் ஓர் அறை பிடித்து, மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். தலைமுறையாக உழுதும் பட்டா இல்லாதவர்களின் காடுகளை, மாமாவின் காட்டையும் சேர்த்து, எல்லையோரமாக நடந்து அளந்தார். வரைபடங்களையும் பெரியவர்களின் வாக்குமூலங்களையும் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். யாரிடமும் முகம் சுளித்ததில்லை.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் இருமுறை மலையிறங்கி டயாலிசிஸ் செய்துகொண்டார். அந்த நிலையில்தான், வரைபடங்களோடு பட்டா விசாரணைக்கு வரும்படி ஊராருக்குக் கடிதம் வந்தது. காகிதங்களைக் கரையான் அரித்திருந்தது. எல்லாமே அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அதன் ஹார்ட் டிஸ்க்கோ கரகரவென்று சத்தம் போட்டது. அணைத்தால் மறுபடி ஓடாது, கழற்றி மலையிறக்கவும் வேண்டாம் என்று மெக்கானிக் போனில் சொல்லிவிட்டார்.

பென் டிரைவை அந்தக் கம்ப்யூட்டர் அறியவில்லை. என் லேப்டாப்பில் வயர் செருக இடமில்லை. மிச்சமிருந்த வழி வைஃபை ஒன்றுதான். பழைய கம்ப்யூட்டரில் வைஃபை கார்டு இருந்தது. எங்கள் இணைப்பின் பெயரும் திரையில் தெரிந்தது. ஆனால் இன்றைய பாதுகாப்பு முறை அந்தக் கார்டு பிறந்தபோது கிடையாது. சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் ஒவ்வொரு முறையும் மறுத்தது. அண்ணன் கட்டிலில் படுத்தபடி ஒவ்வொன்றாகச் சொல்ல, இரண்டு நாள் முயன்று தோற்றேன். விசாரணைக்கு ஒரு நாளே இருந்தது. வாசலில் ஊரார் காத்திருந்தார்கள். நான் அழுதேன்.

"அதுக்குப் புதுப் பாஷை தெரியாது அம்மிணி. நடுவுல ஒரு பெட்டிய வெச்சுப்போட்டா, அது வைஃபைகிட்டப் பேசிக்கும். இதுக்கு வயர் மட்டும் போதும்" என்றார் அண்ணன்.

ஜீப் ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணா சேலம் போய் அந்தச் சிறு பெட்டியை வாங்கி வந்தார். மதியம் இணைப்புக் கிடைத்தது. கோப்புகள் ஒவ்வொன்றாக என் லேப்டாப்புக்கு வரத் தொடங்கின.

"மாமனோடத மொதல்ல போடு" என்றார் அண்ணன்.

நான் போடவில்லை. வாசலில் நிற்பவர்களுடையது முதலில் போகட்டும், மாமா நம் வீட்டு மனிதர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்பு காட்டுக்குப் போகும் வழித்தடத் தகராறில் அவர் அம்மாவை ஏசிய பேச்சும் என் மனத்தில் இருந்தது. அவருடைய கோப்பைக் கடைசியில் வைத்தேன். அதற்கு முந்தைய கோப்பு வந்து முடிந்ததும் ஹார்ட் டிஸ்க் நின்றுபோனது. அதன்பின் அது ஓடவே இல்லை.

மற்றவர்களின் மனுக்கள் ஏற்கப்பட்டன. மாமாவுடையது வரைபடம் இல்லாமல் தள்ளுபடியானது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டு வந்தவரிடம், நான் வாய் திறக்குமுன் அண்ணன் சொல்லிவிட்டார்: "நாந்தானுங்க மாமா கடைசியா வெச்சேன்."

மாமா திரும்பிப் பார்க்காமல் போனார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அண்ணனிடம் எத்தனையோ முறை கெஞ்சினேன். "உனக்கு நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா மாமன்தான் முன்னால நிக்கோணும்" என்று தடுத்துவிட்டார். அடுத்த மாதமே அண்ணன் எங்களை விட்டுப் போய்விட்டார். மாமா சாவு எடுப்புக்கு வரவில்லை.

ஜீப் கொடுத்து உதவிய அண்ணாவுக்கும், டயாலிசிஸ் அறையில் அவரைத் தம்பி போலப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமா, இந்த மலர் உங்கள் வீட்டுக்கும் வரும். அண்ணன் சொன்னது பொய். வரிசையை மாற்றியது நான். உங்கள் கோபம் முழுவதும் எனக்கு உரியது. என்னோடு நீங்கள் பேச வேண்டாம். அண்ணனின் படத்துக்கு முன் ஒரு முறை வந்து நின்றுவிட்டுப் போங்கள்.