திரைக்குப் பின்னால் நின்ற குரல்

குளியலறையிலிருந்து அந்தக் குரல் கேட்டதும், கூடத்தில் உட்கார்ந்திருந்த லெமுவெல் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். இருபது வருடம் கழித்தும் அதே உச்சக் குரல். கொஞ்சம்கூட உடையவில்லை.

"இன்னும் பாத்ரூம்லதான் பாடறானா?"

"டைல்ஸ் சுவருதான் நல்லா எதிரொலிக்குதாம். வேற எங்க பாடுவாரு?" என்றாள் ஹோசியாவின் மனைவி வெர்லின். காபி வேண்டுமா என்று அவள் கேட்கவே இல்லை.

பால்டிமோர் தெருமுனையில் ஐந்து பையன்கள் சேர்ந்து தொடங்கிய பாட்டுக் குழு, டோவர்டேல்ஸ். இசைத்தட்டில் உருகியது ஹோசியாவின் குரல். ஆனால் ஹோசியா குட்டை. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அதனால் மேடையில் அழகன் லெமுவெல் மைக் முன்னால் நின்று வாயசைத்தான். ஹோசியா திரைக்குப் பின்னால் நின்று பாடினான். பெண்கள் லெமுவெலைப் பார்த்து அழுதார்கள். தட்டில் குழுவின் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்த ஒரு தட்டோடு குழு கலைந்தது. ஹோசியா இரும்பாலைக்குப் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மனம் விட்டுப் பாடினான். முடிந்ததும் ஒரு பெண்மணி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படியே அந்த லெமுவெல் மாதிரியே பாடறீங்களே தம்பி!" அன்றோடு ஊர் முன்னால் வாய் திறப்பதை விட்டான் பாவி மனிதன்.

இப்போது ஹோசியா துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றான்.

"டேய் ஹோசியா, நியூயார்க்ல பழைய குழுவையெல்லாம் கூப்பிட்டு பெரிய கச்சேரி வைக்கிறாங்க. நம்மளையும் கூப்பிட்டிருக்காங்க. நீ வந்தாத்தான்டா ஆகும்."

"நான் எங்க நிப்பேன்?"

லெமுவெல் தலை குனிந்தான். "திரைக்குப் பின்னால."

வெர்லின் சிரித்தாள். "மூஞ்சிய ஒருத்தன்கிட்டயும் தொண்டைய ஒருத்தன்கிட்டயும் குடுத்து, கடவுள் ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்திட்டாரு."

"வர்றேன்டா," என்றான் ஹோசியா. "பாட்டு முடிஞ்சதும் ஒரே ஒரு தடவ என்னை வெளிய கூப்பிடு. இது ஹோசியாவோட குரல்னு சொல்லு. அது போதும்."

"எப்படிடா சொல்லுவேன்? என் பொண்டாட்டிக்கே தெரியாதுடா. அந்தக் குரல்ல மயங்கித்தான் என்னைக் கட்டிக்கிட்டா."

ஹோசியாவின் கண்கள் நிறைந்தன. இன்னொரு மேடை இந்தப் பிறவியில் வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"அப்ப நீயே பாடிக்கோ."

"வீம்பு பிடிக்காதடா. நீ வரலைன்னா அந்தக் குரலை இனிமே யாரு கேப்பாங்க?"

"யாரும் கேக்க வேணாம்."

லெமுவெல் எழுந்து வாசல் வரை போய் நின்றான். "சனிக்கிழமை வரைக்கும் உன் பதிலுக்காகப் பாக்கறேன்," என்றான். அவன் படியிறங்கினான். வெர்லின் கதவைச் சாத்தினாள்.