இன்னும் வரல

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டு வந்த அன்றைக்கே என் பொறுமை பாதி போய்விட்டது. போர்டு வந்தது, ஸ்டாண்டு வரவில்லை. ஸ்டாண்டு வந்தபோது மாட்டுகிற ஆள் வரவில்லை. ஒருவழியாக எல்லாம் வந்து சுவரில் ஏறிய பிறகு நெட் வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தொடக்கப் பள்ளி இது. கொஞ்சம் வடக்கே நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். எங்கள் வகுப்பறைக்குள் ஒரு பாயின்ட் டவர் வரவழைக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை. போன் பேச வேண்டுமென்றால் கேட்டைத் தாண்டி டீக்கடை முன்னால் போய் நிற்க வேண்டும். தலைமை ஆசிரியையான நான் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு டீக்கடை வாசலில் நிற்பதைப் பார்த்து ஊரே பழகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

இந்த லட்சணத்தில், தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று ஊர் மக்களோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். போடலாம், அதற்கென்ன. ஐந்து வகுப்பை இரண்டு டீச்சர்கள் பார்க்கிறோம், சத்துணவுக்கு முட்டை எண்ணுகிறோம், ஆப்பில் வருகைப் பதிவு போடுகிறோம், அது கேட்கிற ஓடிபிக்காக டீக்கடைக்கு ஓடுகிறோம். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி.

திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற ஒரு என்ஜினீயர் ஏற்றுக்கொண்டார். அணுமின் நிலைய ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பில் இருப்பவர், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அவர் பிள்ளைகள் இங்கே படிக்கவில்லை. கல்வி ஆர்வலர் என்று ஒரு இடம் குழுவில் உண்டு, அதில் விரும்பி வந்து சேர்ந்தார். தங்கமான மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இவர் லீவு போட்டுவிட்டு வந்து, சொந்தக் காசில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தொலைநோக்கு, படிநிலை, மதிப்பீடு என்று ஸ்பைரல் பைண்டிங் போட்ட திட்டத்தை என் கையில் வைத்துக் கும்பிட்டால் நான் என்ன சொல்வது?

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். குழுத் தலைவி ரோட்டோரம் டிபன் கடை வைத்திருக்கிறவர், அவர் பையன் எங்களிடம் மூன்றாம் வகுப்பு. என்ஜினீயர் இரண்டு பக்கம் படிப்பதற்குள் தலைவி குறுக்கே விழுந்தார்.

"தொலைநோக்கு தொலைநோக்குன்றியே சார், கிட்டக்க இன்னா கீதுன்னு பாரு மொதல்ல. புள்ளிங்க கை வெச்சா போர்டு அழுக்காயிடும். மேல ஒட்டிகினு கீற பிளாஸ்டிக்க யாரும் கிழிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"தொடத்தான போர்டு இருக்கு?" என்றார் என்ஜினீயர், பாவம்.

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை தொடட்டும்."

பின்னாலிருந்து ஒரு அப்பா, ஞாயிற்றுக்கிழமை மேட்ச் போடலாமா என்று கேட்டார். இன்னொருவர், வகுப்பில் கேமரா வைத்தால் டீச்சர் தூங்குறாங்களா இல்லையா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தூங்க எங்கே ஐயா நேரம்? நீங்கள் வந்து ஒரு நாள் ஒன்றாம் வகுப்பைப் பாருங்கள், நான் வந்து உங்கள் வீட்டில் தூங்குகிறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

கடைசியில், கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். புடவைக்கு மேல் கம்பெனியின் நீலச் சட்டை. ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தாள்.

"எனக்கு இந்த போர்டு கதையெல்லாம் தெரியாது டீச்சர். எம் பொண்ணு ரோட்ட தாண்டி இஸ்கூலுக்கு வந்துட்டாளான்னு தெனமும் தெரிஞ்சா போதும். இப்ப நீங்க போடுறீங்களே, அத்த மட்டும் நிறுத்திடாதீங்க."

அவள் கதை எனக்குத் தெரியும். வீடு சாலைக்குக் கடல் பக்கம், பள்ளி இந்தப் பக்கம். புருஷன் லாரி டிரைவர், போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டான். இவள் விடியுமுன் கம்பெனி பஸ் பிடித்து சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஒரு தொழிற்சாலைக்குப் போய் ஒயர் கோக்கிற வேலை செய்கிறாள். கான்ட்ராக்ட் வேலை. மகள் நான்காம் வகுப்பு. தானே எழுந்து, குளித்து, வீட்டைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சென்னையிலிருந்து மகாபலிபுரத்துக்குப் பறக்கிற கார்களுக்கு நடுவே அந்தச் சாலையைத் தாண்டி வருவாள்.

அம்மா பஸ்ஸில் இருந்தபடியே பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் "பாப்பா வந்துட்டாளா டீச்சர்" என்று போட்டுவிட்டு, கம்பெனி லாக்கரில் போனை வைத்துவிடுவாள். பிரேயர் முடிந்ததும் நான் டீக்கடைக்கு நடந்து போய் "வந்துட்டா" என்று போடுவேன். டீ பிரேக்கில் அவள் எடுத்துப் பார்ப்பாள். எங்கள் பள்ளியில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரே தொழில்நுட்பம் அதுதான்.

என்ஜினீயரின் முகம் மலர்ந்துவிட்டது. "இதை ஆட்டோமேட் பண்ணிரலாம் சிஸ்டர்! வருகைப் பதிவு போட்ட உடனே எல்லா அம்மா அப்பாவுக்கும் மெசேஜ் தன்னால போயிரும். டீச்சர் கடைக்கு நடக்கவே வேண்டாம்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அன்றைக்குச் சங்கை எடுத்துக் கொடுத்தது நாங்கள் எல்லோரும்தான்.

நெட் இணைப்புக் கொடுக்கிற நாள் வந்தது. என்ஜினீயர் காலையிலேயே ரவுட்டரோடு வந்துவிட்டார். செங்கல்பட்டிலிருந்து லைன்மேன் வர வேண்டும். பிரேயர் முடிந்தது. அந்தப் பாப்பா வழக்கம்போல வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, சாவியைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"நீங்க எதுக்கு டீச்சர் வெயில்ல போறீங்க? பத்து நிமிஷம், நெட் வந்துரும். முதல் மெசேஜ் அந்த சிஸ்டருக்கே போவட்டும்" என்றார்.

கேட்க நன்றாக இருந்தது. ஒன்றாம் வகுப்பில் ஒருவன் வேறு மூக்கில் பென்சில் முனையை விட்டுக்கொண்டு அழுதான். அதைப் பார்க்கப் போனேன். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது. லைன்மேன் வரவில்லை.

அவருக்குப் போன் போட என்ஜினீயர் டீக்கடைக்குப் போனார். எங்களுக்கு இரண்டு குரூப். ஒன்று குழுவுக்கு, ஒன்று பெற்றோருக்கு. இரண்டிலும் அதே பள்ளியின் பெயர், அதே கொடியேற்றுகிற படம். குழுவில் தலைவி "நெட் வந்துச்சா" என்று கேட்டிருந்தார். கேட்டுவிட்டுப் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நம் என்ஜினீயர் அவசரத்தில் பதிலைப் பெற்றோர் குரூப்பில் போட்டார். ஸ்பைரல் பைண்டிங் போடுகிற மனிதர், அன்றைக்குப் பார்த்துச் சுருக்கமாக எழுதினார்.

"பாப்பா வந்துட்டாளா டீச்சர்" என்பதற்கு நேர் கீழே, "இன்னும் வரல."

நான் பிள்ளைகளுக்கு ஆண்பால் பெண்பால் நடத்துகிறவள். வந்துட்டான் என்றால் பையன், வந்துட்டா என்றால் பெண், வந்துடுச்சு என்றால் பஸ்ஸோ கரண்டோ. 'வரல' என்று சொன்னால் மட்டும் நம் தமிழில் எல்லாம் ஒன்றுதான். தண்ணி வரல, நெட் வரல, பொண்ணு வரல. இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன், இதில் இப்படி ஒரு குழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சத்துணவு மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்டில் ஆட்டோ நின்ற சத்தம். நீலச் சட்டையோடு அவள் ஓடி வந்தாள். செருப்பு ஒன்றுதான் காலில் இருந்தது. மகள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாமா, அதுக்குள்ள வந்துட்ட?"

மகளின் தலையை, தோளை, கையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் டம்ளரைத் தரையில் வைத்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். டீ பிரேக்கில் பார்த்திருக்கிறாள். என் போனுக்கும், பள்ளிக்குள் திரும்பிவிட்ட என்ஜினீயர் போனுக்கும் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. தலைவிக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு, அங்கே பஸ் மாறித் திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம், அப்புறம் ஷேர் ஆட்டோ.

"ஆட்டோல உக்காந்துகினு, ரோட்ல எங்கனா கூட்டம் நிக்குதான்னு பாத்துகினே வந்தேன் டீச்சர்."

என்ஜினீயர் வெளுத்துப்போய் நின்றார். "நெட்டைத்தான் சொன்னேன் சிஸ்டர். நெட்டு வரலன்னு…"

"நெட்டுன்னு ஒரு வார்த்த சேத்துப் போட்டா கை தேஞ்சி பூடுமா சார்? அத்தினி பக்கம் எழுதினியே, இங்க ஒரு வார்த்த எழுத முடியலயா உன்னால?"

அந்தக் கேள்வி எனக்கும்தான். டீக்கடை என்ன, அமெரிக்காவிலா இருக்கிறது? எட்டி வைத்தால் வந்துவிடும்.

"சரி, இப்போதாவது கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடம்மா" என்றேன்.

"இன்னான்னு சொல்றது? எடத்த வுட்டு எழுந்தா நாளைக்கு வராதன்னார் சூப்பர்வைசர். கார்ட கயட்டி டேபிள் மேல வெச்சிட்டு வந்துட்டேன்."

மறுநாள் நானும் என்ஜினீயரும் அந்தக் கம்பெனி வாசலுக்குப் போய் நின்றோம். உள்ளே விடவில்லை. கான்ட்ராக்டர் வெளியே வந்து, நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சு மேடம், ஸ்கூல்ல நடந்ததுக்கு லைன நிறுத்த முடியுமா?" என்றார். திரும்புகிற வழியெல்லாம் என்ஜினீயர் காரை ஓட்டிக்கொண்டே, தன் திட்டத்தில் இன்னொரு பக்கம் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். "சார், தயவுசெய்து கொஞ்ச நேரம் பேசாமல் வாருங்கள்" என்றேன். மகாபலிபுரம் தாண்டும்போது பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டவும் முடியவில்லை, சமாதானப்படுத்தவும் மனம் வரவில்லை.

குழு மறுபடி கூடியது. யார், எது என்று எழுதாமல் யாரும் வெறும் 'வரல' போடக் கூடாது என்று தலைவி சொல்ல, தீர்மானம் நிறைவேறியது. போர்டின் பிளாஸ்டிக்கையும் கிழிக்கலாம் என்று அவரே இறங்கி வந்தார். அந்தப் பெண் கூட்டத்துக்கு வரவில்லை. வேலை தேடிக் கேளம்பாக்கம் பக்கம் போயிருந்தாள்.

அடுத்த வாரம் லைன்மேன் வந்தார், அரை மணி நேரத்தில் நெட் வந்தது. படம் ஓடியது, பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மறுநாள் காலை ஆப்பில் வருகைப் பதிவை முடித்துவிட்டு, இனி தேவையில்லை என்று தெரிந்தும், பழக்க தோஷத்தில் டீக்கடைக்கு நடந்தேன்.

அங்கே பெஞ்சில் அவள் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தாள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. வேலை இல்லாததால் மகளைத் தினமும் அவளே கையைப் பிடித்துச் சாலையைத் தாண்டிக் கொண்டுவந்து விடுகிறாள். அந்த பெஞ்சிலிருந்து பார்த்தால் நான்காம் வகுப்பு ஜன்னல் தெரியும். ஜன்னலில் அவள் மகளின் ரெட்டைச் சடை தெரிந்தது.

அவள் போன் சிணுங்கியது. எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அன்புள்ள பெற்றோரே, தங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வருகை தந்துள்ளார்."

போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இப்ப வருது டீச்சர்" என்றாள்.