சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கால்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சரக்குக் கப்பல் சிங்கப்பூரில் நின்றது. அதே நேரம் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில், எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் பாதித் தெரு கூடியிருந்தது. நடுவில் அம்மாவின் போன்.

எல்லாம் எதிர்வீட்டு செல்வி அக்காவின் மகள் திவ்யாவுக்காக. பியூசி, அதாவது பிளஸ் டூ முடித்தவள். என்னைப் போலவே கப்பல் அதிகாரியாகப் படிக்க ஆசை. அப்ளிகேஷன் போட அந்த வாரம்தான் கடைசி. செல்வி அக்காவோ, "சும்னே ஊர் சுத்துறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்? வேணாம்டி" என்று கன்னடம் கலந்த தமிழில் ஒரே பிடிவாதம்.

அம்மா விடுவாரா? அவரும் செல்வி அக்காவும் ஒன்றாகத் தெரு பெருக்கும் மாநகராட்சித் தொழிலாளர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்; இன்று கப்பலில் மூன்றாம் அதிகாரி. இதைச் சொல்லாமல் அம்மா யாருக்கும் காபிகூடக் கொடுப்பதில்லை. (நானும் அப்படித்தான்!)

"கப்பல் நின்னதும் போன்ல வா கண்ணு. உன் வேலைய எடுத்துச் சொல்லு. அவளே ஒத்துக்குவா."

துறைமுகம் என்றால் ஜாலி என்று நினைக்கிறீர்களா? எங்களுக்கு நேர் எதிர். நடுக்கடலில்தான் ஒழுங்கான தூக்கம். கரையைத் தொட்டால்... கயிறு கட்ட வேண்டும், கண்டெய்னர் ஏற்றி இறக்குவதைக் கவனிக்க வேண்டும், சோதனைக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆறு மணி நேர வேலை, ஆறு மணி நேர ஓய்வு என்பார்கள். மிச்ச வேலையெல்லாம் அந்த ஓய்வில்தான்! சிங்கப்பூருக்குப் பலமுறை போயிருக்கிறேன். பார்த்தது? கிரேன்.

டூட்டி முடிந்து கேபினுக்கு வந்தேன். போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். திரை முழுக்க முகங்கள்.

"செல்வி அக்கா, நல்லா இருக்கீங்களா? என் வேலை என்னன்னா..."

அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது போன் அணைந்து கிடந்தது. தலையில் கழற்ற மறந்த டூட்டி ஹெல்மெட். போச்சு! திவ்யாவின் படிப்பும் போச்சு, அம்மாவின் மானமும் போச்சு.

பதறிப்போய் அம்மாவை அழைத்தேன். அவர் சிரிக்கிறார்!

"நீ வாயப் பொளந்துட்டுத் தூங்குனத தெருவே பாத்துச்சுடி. நான் கட் பண்ணப் போனேன். செல்விதான் கையப் புடிச்சிக்கிட்டா. 'உஷ்... புள்ள முழிச்சுக்கப் போவுது'ன்னு அத்தன பேரையும் வெளிய தொரத்திட்டா."

"ஐயோ... அப்புறம்?"

"'ஊர் சுத்துறவளுக்கு ஹெல்மெட்டோட தூக்கம் வருமா? டூட்டி முடிஞ்சு வந்து நாமளும் இப்படித்தானே விழுறோம்? இது வேலதான். திவ்யா படிக்கட்டும்'னுட்டா."

நான் முழித்திருந்து மணிக்கணக்கில் பேசியிருந்தாலும் இது நடந்திருக்காது. உழைக்கிறவர்களுக்கு இன்னொருவர் களைப்பைப் பார்த்தாலே போதும்... விளக்கவுரை எதற்கு?

மறுநாள் திவ்யாவிடமிருந்து மெசேஜ். 'அப்ளிகேஷன் போட்டாச்சுக்கா. ஒரே ஒரு டவுட்... அங்க தூங்கவே விடமாட்டாங்களா?'

விளக்கமாகப் பதில் டைப் செய்ய ஆரம்பித்தேன் — எந்த வரியில் தூங்கினேன் என்று தெரியவில்லை.