ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத கியர் ஆயில்

இன்று காலை கும்பகோணம் போகும் வழியில், என் ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ உதைப்பது போலக் குலுங்கியது. கியர்பாக்ஸே போய்விடுமோ என்று தோன்றியது.

ஓரங்கட்டி, சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன்.

"கியர் ஆயில் லைஃப்டைம் மேடம். மாத்தவே வேண்டாம்," என்றார் அட்வைசர். ஏழு வருடமாக இதே பதில்தான்.

மெதுவாக உருட்டிக்கொண்டு மெக்கானிக் ராஜேந்திரனின் பட்டறைக்குப் போனேன்.

"வண்டியோட குடுத்த புக்க எடுங்க டீச்சர்."

எடுத்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. தினமும் நாற்பது பிள்ளைகளிடம் "புத்தகத்தத் திறந்து பாத்தியா?" என்று அதட்டுகிறவள் நான்.

கடும் வெயில், புழுதி, அதிக பாரம் என்றால் அறுபதாயிரம் கிலோமீட்டரில் ஆயிலை மாற்றச் சொல்லியிருந்தது. என் வண்டி தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. டிக்கியில் நெல் மூட்டை வேறு ஏற்றியிருக்கிறேன்.

"இதுல எதுங்க நம்ம ஊர்ல இல்ல?" என்றார் ராஜேந்திரன்.

சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிகாஷன் நிறத்தில் இறங்கியது. வடிந்ததை அளந்து, புத்தகம் சொன்ன ரகத்தில் அதே அளவு புதிதாக ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு மட்டம் பார்த்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். குலுக்கல் பெரும்பாலும் நின்றிருந்தது.

அட்வைசரை மறுபடி அழைத்தேன். "லைஃப்டைம்னா எது வரைக்கும் சார்?"

"வாரண்டி முடியிற வரைக்கும் மேடம்," என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

உங்களிடமும் ஆயுள் முழுக்க வரும் என்று யாராவது எதையாவது விற்றிருந்தால், அது எப்போது செத்தது என்று கமென்ட்டில் சொல்லுங்கள்.